பெட்ரோல் ஓவர் ஆகி மக்கர் பண்ணும் காரைக் கிளப்புவது எப்படி?

ஆயுத பூஜை அன்று காரை போர்டிகோவிலிருந்து வெளியே எடுக்க ஒரு ஸ்டார்ட். பத்தடி நகர்த்தி அணைத்துவிட்டுக் கழுவுகிறோம். கழுவிய இடம் சேறாகிவிட்டது என்று கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்த இன்னொரு ஸ்டார்ட். சந்தனம், குங்குமம், மாலை, கற்பூரம் எல்லாம் முடிந்ததும் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க மூன்றாவது. மறுபடி உள்ளே ஏற்றி நிறுத்த நான்காவது. எந்த ஸ்டார்ட்டிலும் என்ஜின் அரை நிமிடத்துக்கு மேல் ஓடியிருக்காது. மறுநாள் காலை சாவியைத் திருகினால் செல்ஃப் மட்டும் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. நேற்று வரைக்கும் நன்றாக இருந்த வண்டி, யார் கண்ணோ பட்டுவிட்டது என்பார்கள் வீட்டில். கண் எதுவும் படவில்லை. பிளக்கில் பெட்ரோல் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பட்டறையில் இதை 'ஓவர் ஆயிடுச்சு', 'ஓவர்ஃப்ளோ', 'பிளக் நனைஞ்சிடுச்சு' என்று பல விதமாகச் சொல்வார்கள். சிலிண்டருக்குள் எரிய வேண்டியதைவிட அதிகமாகப் பெட்ரோல் சேர்ந்து, ஸ்பார்க் பிளக்கின் முனை நனைந்து, தீப்பொறி வராமல் போவதுதான் விஷயம். பெரிய கோளாறு இல்லை. பெரும்பாலும் ஒரு ஸ்பானர்கூட இல்லாமல் சரிசெய்துவிடலாம். ஆனால் இதைப் பெரிய செலவாக மாற்றவும் ஒரு வழி உண்டு: கிளம்பும் வரை விடுவதில்லை என்று சாவியைத் திருகிக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் உள்ளே இன்னும் கொஞ்சம் பெட்ரோல் போகிறது. பேட்டரி இறங்குகிறது. இறங்கிய பேட்டரியில் தீப்பொறியும் வலு குறைகிறது. எனவே முதல் வேலை, சாவியிலிருந்து கையை எடுப்பது.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் முதன்முதலாகக் கார் வாங்குகிறவர்களில் பலர், பெங்களூரிலிருந்து ஒரு பழைய ஆல்ட்டோவோ வேகன் ஆரோ சான்ட்ரோவோ பிடித்து வந்து, கேஏ நம்பரை டிஎன் 29, டிஎன் 24, டிஎன் 70 என்று மாற்றிக்கொள்கிறார்கள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கும் வண்டி. அப்படிப்பட்டவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். டீசல் வண்டிக்கு இது பொருந்தாது. அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, ஸ்டார்ட் ஆகாததற்கு அங்கே காரணங்கள் வேறு.

தண்ணீரா, பெட்ரோலா?

எதைத் தொடும் முன்பும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மழையில், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரும் அரூரில் 33 சென்டிமீட்டரும் கொட்டியது. ஊத்தங்கரையில் ரோட்டோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டியையோ, ரயில்வே பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் இறக்கி நடுவில் அணைந்துபோன வண்டியையோ ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. ஒரே ஒரு முறைகூட.

காரணம் எளிது. பிஸ்டன் மேலே வரும்போது காற்றை அழுத்த முடியும், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். அதற்கப்புறம் என்ஜினைப் பிரிக்காமல் வேலை நடக்காது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தாலோ சந்தேகமே வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, மேலே ஏற்றிப் போகும் வண்டியை வரச்சொல்லுங்கள்.

இதில் இன்ஷூரன்ஸ் சமாசாரமும் இருக்கிறது. தண்ணீரில் நின்ற வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால், அது வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, உங்கள் செயலால் வந்தது என்று சாதாரண பாலிசியில் கைவிரிக்க இடமுண்டு. என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீடு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே பார்த்து வைப்பது நல்லது.

காதும் மூக்கும்

வண்டி தண்ணீரில் நிற்கவில்லை என்பது உறுதி. சரி, இப்போது ஒரே ஒரு முறை, இரண்டு மூன்று விநாடி மட்டும் செல்ஃப் அடித்துக் கேளுங்கள்.

'டக்' என்று ஒரு சத்தம், அல்லது 'டக்டக்டக்' என்று வரிசையாகச் சத்தம், என்ஜின் சுற்றவே இல்லை என்றால் இது பேட்டரி அல்லது செல்ஃப் மோட்டார் விவகாரம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு வீட்டில் ஒருவரைச் சாவி திருகச் சொல்லுங்கள். விளக்கு அடியோடு மங்கினால் பேட்டரிதான். இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு ஜம்பர் கேபிளைத் தேடலாம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றி, என்ஜின் மட்டும் பிடிக்காவிட்டால் டேஷ்போர்டைப் பாருங்கள். சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட விளக்கு மினுமினுத்துக்கொண்டே இருந்தால் வண்டி உங்கள் சாவியை ஏற்றுக்கொள்ளவில்லை என்று பொருள். இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். பழைய வண்டி வாங்கும்போது இரண்டு சாவியையும் கேட்டு வாங்கச் சொல்வது இதற்காகவும்தான்.

இதெல்லாம் இல்லையென்றால் இறங்கிப் பின்பக்கம் போங்கள். சைலன்சர் வாய்க்குப் பக்கத்தில் மோந்து பாருங்கள். பச்சைப் பெட்ரோல் வாசம் தூக்கலாக இருந்தால் ஓவர் ஆகியிருக்கிறது. வாசமே இல்லை என்றால் பெட்ரோல் வராமலே இருக்கலாம். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, காரைச் சுற்றி அமைதியாக இருக்கும்போது பின்சீட்டுப் பக்கம் காது கொடுத்தால், ஓரிரு விநாடி 'ஊம்ம்' என்று பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் பம்ப், அதன் ஃப்யூஸ், ரிலே என்று தேட வேண்டும். வயல் பக்கத்தில் ரொம்ப நாள் நிறுத்திய வண்டியாக இருந்தால் பானெட்டைத் திறந்து எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

இன்னொரு அடையாளம் காதுக்குத்தான் தெரியும். வழக்கமாகச் செல்ஃப் அடிக்கும்போது 'ர்ர்-ர்ர்-ர்ர்' என்று ஏறி இறங்கும் சத்தம் வரும். பிஸ்டன் காற்றை அழுத்தும் தாளம் அது. ரொம்ப நேரம் அடித்து ஓவர் ஆன என்ஜினில் அந்த ஏற்ற இறக்கம் காணாமல்போய் 'வ்ர்ர்ர்ர்' என்று ஒரே சீராக, வேகமாகச் சுற்றும். சிலிண்டர் சுவரில் இருந்த ஆயிலைப் பெட்ரோல் கழுவிவிட்டது, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கைத் தாண்டிக் காற்று கசிகிறது, கம்ப்ரஷன், அதாவது உள்ளே வர வேண்டிய அழுத்தம், இல்லை. இந்த நிலைக்கு என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

ஏன் இப்படி ஆகிறது

ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். சூடான என்ஜினில் இந்தக் கணக்கு சரியாக நடக்கும். குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் ஒழுங்காக ஆவியாகாமல் பாதி சுவரில் ஒட்டிக்கொள்ளும், அதனால் அந்த நேரத்தில் மட்டும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பழைய வண்டியில் இந்த வேலையைச் சோக், அதாவது காற்று வழியை அடைத்துப் பெட்ரோலைக் கூட்டும் தகடு, செய்தது, இப்போது என்ஜினின் கணினி செய்கிறது. ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடம் ஓடினால் எல்லாம் எரிந்து தீர்ந்துவிடும். ஓடவிடாமல் அணைத்தால் மிச்சம் உள்ளேயே நிற்கும். அடுத்த முறை கணினி அந்த மிச்சத்தைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடியும் கூடுதலாகவே ஊற்றும்.

நம் மாவட்டங்களுக்குள்ளேயே இதில் வித்தியாசம் உண்டு. தருமபுரி டவுனில் மே மாதம் இந்தத் தொல்லை வருவது குறைவு. ஓசூர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர். மார்கழிக் காலையில் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் கண்ணாடியெல்லாம் பனி பூத்திருக்கும்போதுதான் இந்தக் கூத்து நடக்கும். கார்பரேட்டர் (கணினி இல்லாமல் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பழைய கருவி) வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். உயரத்தில் காற்று சற்று மெல்லிசு. சென்னையில் ட்யூன் செய்த பழைய மாருதி 800 ஓசூரில் கொஞ்சம் ரிச்சாகவே, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் கூடுதலாகவே, ஓடும், ஓவர் ஆகவும் சீக்கிரம் ஆகும். ஊருக்கு வந்ததும் இங்குள்ள மெக்கானிக்கிடம் ஒரு முறை திருகச் சொல்வது வீண் செலவு இல்லை.

கருவி இல்லாமல் கிளப்பும் முறை

கணினி சொல்படி பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் உள்ள வண்டிக்கு, அதாவது இன்று ஓடும் ஏறக்குறைய எல்லாப் பெட்ரோல் காருக்கும், இந்த முறைதான் முதலில்.

பானெட்டைத் திறந்து வைத்து கால் மணி நேரம் விடுங்கள். கார் ஷெட்டுக்குள் இருந்தால் கதவையும் திறந்து விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது, தரையோடு தங்கும், பக்கத்தில் பீடி பற்றவைக்கும் சித்தப்பாவைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஏசி, விளக்கு, பாட்டு எல்லாம் அணைந்திருக்கட்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் முழுசாக மேலே. சரிவில் நிற்கிறதென்றால் டயருக்குக் கல் வையுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அடுத்து செய்யப்போவது ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்துவது. கியரில் இருக்கும்போது என்ஜின் பிடித்தால் வண்டி காம்பவுண்டு சுவரில்தான் போய் நிற்கும்.

இப்போது கிளட்ச்சை மிதித்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரை முழுசாக, தரை தட்டும் வரை அழுத்துங்கள். அழுத்திய காலை எடுக்காமல் சாவியைத் திருகுங்கள். ஐந்து முதல் பத்து விநாடி. பல வண்டிகளின் கணினிக்கு, செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலரேட்டர் முழுசாக அழுத்தியிருந்தால் இன்ஜெக்டரை மூடிவிடும்படி சொல்லிவைத்திருக்கிறார்கள். பெட்ரோல் வராது, காற்று மட்டும் முழு வீச்சில் உள்ளே போய், நின்றுபோன பெட்ரோலை வெளியே தள்ளும். கலவை எரியும் அளவுக்கு இளைத்ததும் என்ஜின் ஒன்றிரண்டு முறை இருமிவிட்டுப் பிடிக்கும்.

இருமும்போதே பலர் பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுத்தால் மறுபடி பெட்ரோல் கொட்ட ஆரம்பிக்கும். முழுசாகப் பிடித்து ஆர்பிஎம் ஏறும் வரை அழுத்தியே இருங்கள், ஏறியதும் உடனே காலைத் தளர்த்துங்கள். குளிர்ந்த என்ஜினை அலறவிடக் கூடாது.

பத்து விநாடியில் பிடிக்கவில்லையா? விடுங்கள். ஒரு நிமிடம் இடைவெளி. செல்ஃப் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடுவதற்காகச் செய்தது, தொடர்ந்து அடித்தால் சூடேறிப் புகையும். மூன்று முறை பார்த்தும் அசையவில்லையென்றால் இந்த முறையை நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் சிலதில் பட்டனை ஒரு முறை தொட்டால் போதும், எத்தனை விநாடி சுற்றுவது என்பதை வண்டியே தீர்மானித்துக்கொள்ளும். அதில் இந்த முறை வேலை செய்யுமா என்பது மாடலைப் பொறுத்தது. ஓனர்ஸ் மேனுவலில் 'என்ஜினில் பெட்ரோல் அதிகமானால்' என்ற மாதிரி ஒரு பத்தி இருக்கும், அதன்படி செய்யுங்கள்.

முழு ஆக்சிலரேட்டர் முறைக்கு உங்கள் வண்டி மசியவில்லையென்றால், அதே காரியத்தை ஃப்யூஸ் மூலம் செய்யலாம். ஃப்யூஸ் பெட்டியின் மூடியிலோ மேனுவலிலோ எந்த ஃப்யூஸ் எதற்கு என்று படம் இருக்கும். பெட்ரோல் பம்ப் ஃப்யூஸை, சாவி ஆஃப் நிலையில் இருக்கும்போது, பிடுங்குங்கள். பிறகு ஐந்து விநாடி செல்ஃப், ஒரு நிமிடம் ஓய்வு என்று இரண்டு மூன்று முறை. குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் என்ஜின் பிடித்துச் சில விநாடி ஓடி அணைந்தால் நல்ல செய்தி. ஃப்யூஸை அதே இடத்தில் சொருகிவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சாதாரணமாக ஸ்டார்ட் செய்யுங்கள்.

கார்பரேட்டர் வண்டியாக இருந்தால்

பழைய மாருதி 800, ஆம்னி, பிரீமியர் பத்மினி, அம்பாசடர் ஆகியவற்றைப் பாசத்தோடு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவற்றுக்குக் கணினி கிடையாது, எல்லாம் உங்கள் கால்தான். சோக்கை முழுசாக உள்ளே தள்ளுங்கள். ஆக்சிலரேட்டரை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். பம்ப் அடிக்காதீர்கள். இதைத்தான் எல்லோரும் மாற்றிச் செய்கிறார்கள். ஒவ்வொரு மிதிக்கும் கார்பரேட்டருக்குள் இருக்கும் சின்ன பம்ப் ஒரு பீச்சு பெட்ரோலை உள்ளே அடிக்கும். அழுத்திப் பிடித்தபடி ஐந்தாறு விநாடி செல்ஃப் அடித்தால் பெரும்பாலும் பிடித்துவிடும்.

பிடிக்கவில்லையென்றால் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிச் சோக் தகடு உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். டேஷ்போர்டில் குமிழ் உள்ளே போனதாலேயே அங்கே தகடு திறந்துவிட்டதாக அர்த்தமில்லை, நடுவில் கேபிள் இறுகியிருக்கலாம். கார்பரேட்டர் வெளிப்புறம் பெட்ரோல் வழிந்து ஈரமாக இருந்தால் கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறைக்குள் ஊசி வால்வு சிக்கியிருக்கிறது. ஸ்பானரின் பின்பக்கத்தால் அந்த அறையின் மேல் இரண்டு தட்டு, மெதுவாக. தூசி ஒட்டியிருந்தால் விடுபட்டுவிடும். மறுபடி வழிந்தால் கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவத்தான் வேண்டும். வழிந்த பெட்ரோலைத் துடைத்துக் காயவிடாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

பிளக்கைக் கழற்றுவது

மேலே சொன்ன எதற்கும் அசையாத வண்டிக்கு இதுதான். பிளக் ஸ்பானர் கையில் இருந்து, பொறுமையும் இருந்தால் நீங்களே செய்யலாம். இல்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில் வெட்கமில்லை.

என்ஜின் ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டில் பிளக்கைத் திருகினால் மரை உரிந்துவிடும், அது வேறு செலவு. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பிளக் ஒயர்களில் எது எந்த சிலிண்டருக்கு என்று டேப் ஒட்டி எண் எழுதுங்கள். மாற்றி மாட்டினால் வண்டி வெடித்து இருமும், கிளம்பாது. புது வண்டிகளில் ஒயருக்குப் பதில் ஒவ்வொரு பிளக் மேலும் தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு 'காயில்' (coil) உட்கார்ந்திருக்கும். அதன் சாக்கெட்டை விடுவித்து, போல்டைக் கழற்றித் தூக்க வேண்டும். பிளக்கைத் திருகும் முன் குழியைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் தள்ளுங்கள். நம் ஊர்ச் செம்மண் ஒரு சிட்டிகை சிலிண்டருக்குள் விழுந்தாலும் ஆபத்து.

வெளியே வந்த பிளக்கின் முனையைப் பாருங்கள். மினுமினுப்பாக ஈரமாக, பெட்ரோல் வாசத்தோடு இருந்தால் நோய் உறுதி. காய்ந்த கரி படிந்திருந்தால் கலவை ரொம்ப நாளாகவே ரிச்சாக இருக்கிறது. பிசுபிசுவென்று ஆயில் ஒட்டியிருந்தால் பிரச்சினை பெட்ரோல் இல்லை, ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. சுத்தமாகக் காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை, நாம் தவறான வழியில் போய்க்கொண்டிருக்கிறோம்.

நனைந்த பிளக்கைத் துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். பக்கத்தில் பஞ்சர் கடை இருந்தால் காற்று அடித்து வாங்குவது இன்னும் உத்தமம். லைட்டரைக் காட்டிச் சுடுவது, அடுப்பில் வாட்டுவது எல்லாம் சிலர் சொல்வார்கள். பெட்ரோல் நனைந்த கையோடும் துணியோடும் தீப்பக்கம் போகாதீர்கள். முனை மெல்லிசாக ஊசி போல இருக்கும் இரிடியம் பிளக்கை உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது.

பிளக் காயும் நேரத்தில் சிலிண்டரையும் காயவிடலாம், குழிகளைத் துணியால் லேசாக மூடி அரை மணி நேரம். அவசரக்காரர்கள் பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்துப் பெட்ரோலைப் பீச்சி வெளியேற்றுவார்கள். பட்டறையில் செய்வதுதான், ஆனால் பெட்ரோல் ஆவி பானெட் முழுக்கப் பறக்கும். பம்ப் ஃப்யூஸையும் காயில் சாக்கெட்டையும் கழற்றாமல் செய்தால் ஒரு பொறி போதும். புதியவர்கள் காத்திருப்பதே நல்லது.

முன்னால் சொன்னேனே, கம்ப்ரஷன் போய் ஒரே சீராகச் சுற்றும் என்ஜின், அதற்கு மருந்து இங்கேதான். ஒவ்வொரு பிளக் குழியிலும் ஒரு டீஸ்பூன், சுமார் 5 மில்லி, என்ஜின் ஆயில் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஆயில் சுவரில் பரவி ரிங்குக்கு அணை கட்டும், கம்ப்ரஷன் திரும்பும். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் நீலப் புகை வரும், பயப்பட வேண்டாம்.

பிளக்கைத் திரும்பப் போடும்போது முதலில் கையால் மட்டும் திருகுங்கள். கையால் போகவில்லையென்றால் மரை மாறி ஏறுகிறது, எடுத்துவிட்டு மறுபடி. உட்கார்ந்த பிறகு ஸ்பானரால் ஒரு சின்ன இறுக்கு, பழைய பிளக்குக்கு அது போதும். பலம் காட்டும் இடம் இதுவல்ல.

ஸ்டார்ட் ஆன பிறகு

கருப்புப் புகையும் வாசமும் கொஞ்ச நேரம் இருக்கும், என்ஜின் நொண்டும். அணைக்காதீர்கள். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வரும் வரை, அல்லது நீல விளக்கு அணையும் வரை ஓடவிட்டு, பிறகு வண்டியை வெளியே எடுத்துக்கொண்டு போங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டினம் வரை போய்த் திரும்பினால் போதும், பிளக் கரியும் எரிந்துவிடும், பேட்டரியும் ஏறிவிடும்.

திரும்பி வந்து என்ஜின் ஆறியதும் டிப் ஸ்டிக்கை மோந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாசம் அடித்தாலோ மட்டம் ஏறியிருந்தாலோ ஆயிலை மாற்றிவிடுங்கள். நீர்த்த ஆயிலில் ஓடினால் பேரிங் தேயும். ஆயில் விலையைப் பார்த்து இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு, நான் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன்.

ரோட்டில் நின்றுவிட்டால்

வீட்டு வாசலில் நடப்பது வேறு, 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் நடப்பது வேறு. முதலில் வண்டியை ஓரத்துக்குத் தள்ளி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தூரமாக வைத்து, ஆட்களை இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கவையுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

'தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம்' என்று நாலு பேர் வந்து நிற்பார்கள். கார்பரேட்டர் வண்டிக்குச் சரி. சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில், ஓவர் ஆன நிலையில் தள்ளினால், எரியாத பெட்ரோல் அதற்குள் போய்ப் பிறகு அங்கே எரிந்து கன்வெர்ட்டரைக் கெடுக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளிக் கிளப்பவே முடியாது. தொப்பூர் கணவாயில் நின்றால், இறக்கம்தானே, உருட்டிவிட்டுக் கியர் போடலாம் என்ற யோசனை தோன்றும். என்ஜின் ஓடாதபோது இரண்டு மூன்று மிதிக்கு மேல் பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் இறுகும். லாரிகளே பிரேக் பிடிக்காமல் திணறும் இறக்கம் அது. அங்கே உருட்டவே உருட்டாதீர்கள்.

திரும்பத் திரும்ப வந்தால்

பூஜைக்கு மறுநாள் ஒரு முறை ஆனதை மறந்துவிடலாம். மாதத்துக்கு இரண்டு முறை ஆனால் உள்ளே ஏதோ இருக்கிறது. முதல் சந்தேகம் பேட்டரி. நிற்கும் வண்டியில் 12.6 வோல்ட் அளவுக்கு இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்தது தேய்ந்த பிளக், அடைத்த ஏர் ஃபில்டர். இவை மூன்றும் மலிவு, இவற்றை முடித்துவிட்டு மேலே போங்கள்.

அதன் பிறகும் தொடர்ந்தால் என் கை முதலில் போவது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாருக்கு. என்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று கணினிக்குச் சொல்வது இதுதான். இது பொய் சொன்னால் கணினி அதை நம்பிப் பெட்ரோலை ஊற்றும். பரிசோதிப்பது சுலபம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், ஸ்கேனரையோ செல்போனோடு இணையும் சின்ன அடாப்டரையோ மாட்டி கூலன்ட் வெப்பநிலையைப் படியுங்கள். ஓசூரில் காலைக் குளிர் 15 டிகிரி என்றால் அதுவும் ஏறக்குறைய 15 காட்ட வேண்டும். மைனஸ் 40 என்று காட்டினால் சென்சார் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது சென்சாரே போய்விட்டது. தளியில் எவ்வளவு குளிர்ந்தாலும் மைனஸ் 40 வராது.

சென்சார் சரியென்றால் கசியும் இன்ஜெக்டர். ராத்திரி அணைத்த வண்டியில் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் இறங்கிக் காலையில் ஓவர் ஆகியிருக்கும். இதற்குப் பெட்ரோல் அழுத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், பட்டறை வேலை.

மெக்கானிக்கிடம் பேசும்போது 'அண்ணா, கார் ஸ்டார்ட் ஆகலை' என்று மட்டும் சொன்னால் அவர் என்ன எடுத்துக்கொண்டு வருவது என்று தெரியாமல் வருவார். 'அண்ணா, செல்ஃப் நல்லா சுத்துது, பெட்ரோல் வாசம் அடிக்குது, ஃபுல் ஆக்சிலரேட்டர் குடுத்து மூணு தடவை பார்த்துட்டேன், பிடிக்கலை' என்று சொல்லுங்கள். பிளக் ஸ்பானரும் ஒரு செட் புது பிளக்கும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.